அறிவோடு கூடிய அருள்
பேரிடர்க் காலமும் நம் சுகாதாரத் தொண்டர்களும்

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பகவான் மகாவீரர் அவதரித்த நன்னாளில் அகிம்சையைப் பற்றிப் பேசுவது மரபு. நானும் அதைப் பற்றியே பேசப் போகிறேன். ஆனால் புயலும் வெள்ளமும் வந்த வேளையில், ஊர்தியும் மருத்துவரும் வந்து சேராத முதற்சில மணி நேரத்தில், அகிம்சை எவ்வாறு கைகளால் செய்யப்படவேண்டும் என்பதே என் பேச்சின் பொருள்.

திருநறுங்கொண்டைக் குன்றுக்குச் சென்று அப்பாண்டைநாதரை வழிபடாதவர் இவ்வவையில் அரிதாகவே இருப்பர். உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து சென்று அக்குன்றில் ஏறி, பாறையில் வடிக்கப்பெற்ற பார்சுவநாதப் பெருமானின் திருமுடிமேல் பாம்பின் படம் கவிந்திருப்பதைக் கண்டு கைகூப்பியிருக்கிறோம். கமடன் பழம்பகையால் காற்றையும் மழையையும் ஏவியபோது, தரணேந்திரன் படம் விரித்துப் பெருமானைக் காத்த வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவார்கள். அவ்வரலாற்றின் முற்பகுதியைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தவசி ஒருவர் தீ வளர்ப்பதற்காக எடுத்த விறகினுள் பாம்பிணை ஒன்று இருந்தது. தவசிக்கு அது தெரியவில்லை. அவர் கொடியவர் அல்லர். தவம் செய்வதாகவே எண்ணினார். பெருமானோ தம் அவதி ஞானத்தால் உள்ளே உயிர்கள் இருப்பதை உணர்ந்தார். நல்லெண்ணம் தவசியிடமும் இருந்திருக்கலாம். அறிவு பெருமானிடம் மட்டுமே இருந்தது. அறியாமையோடு கூடிய நல்லெண்ணம் உயிருக்கு ஊறு செய்துவிடக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக நமக்கு வேறு எது உணர்த்தும்?

நாம் வாழும் நிலம்

நாம் கூடியிருக்கும் இவ்வூர் வெள்ளாற்றங்கரையில் உள்ளது. விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாறு கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கலந்து நம்மை நோக்கி வருகிறது. வீராணம் ஏரி நிறைந்தால் அதன் மிகைநீரும் சேத்தியாத்தோப்புக்கு அருகே வெள்ளாற்றில் திறக்கப்படுகிறது. ஆறும் ஏரியும் நமக்குச் சோறு போடுகின்றன. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் நம்மைச் சோதிக்கவும் செய்கின்றன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டக் கரையோரச் சிற்றூர்களில் புகுந்து அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில், மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்த தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் ஓடை நீர் வீடுகளுக்குள் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, நம் உறவினர் பலர் வாழும் திண்டிவனம், மேல்சித்தாமூர்ப் பகுதியும் தப்பவில்லை. மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரே வீட்டில் இருந்த ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்தனர்.

இவை ஏதோ தொலைதூரச் செய்திகள் அல்ல. மேல்சித்தாமூர் மடத்திலிருந்து இவ்வூர் வரை, தமிழ்ச் சமணர் வாழும் நிலத்தின் பெரும்பகுதி புயல் வரும் வழியிலேயே அமைந்திருக்கிறது.

என் கை கட்டிய கயிறு

இப்போது என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும், சொன்னால்தான் இந்த உரைக்குப் பொருள் உண்டு.

தானே புயல் வீசிய காலத்தில் நான் ஆசிரியப் பணியில் இருந்தேன். ஊரில் சுகாதாரத் தொண்டராகவும் பெயர் கொடுத்திருந்தேன். சொட்டு மருந்து முகாமுக்குக் குழந்தைகளை அழைத்து வருவதும், கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகச் செல்வதும் எனக்குத் தெரிந்த பணிகள். புயலுக்கு இரண்டாம் நாள், எங்கள் தெருவில் விழுந்த மரக்கிளைகளை அகற்றிக்கொண்டிருந்த அண்டை வீட்டார் ஒருவரைப் பாம்பு தீண்டியது. எல்லோரும் என்னைத்தான் அழைத்தார்கள், தொண்டர் அல்லவா! நான் ஓடிச் சென்று, இளவயதில் கேட்டறிந்தபடி, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டினேன். நஞ்சு மேலேறாது என்று அவருடைய மனைவிக்கு ஆறுதலும் சொன்னேன். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. கட்டிலில் கிடத்தித் தூக்கிச் சென்று, பின்னர் ஊர்தி பிடித்து, மருத்துவமனையை அடைய மூன்று மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவர் பிழைத்தார். ஆனால் அந்தக் கால் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. நஞ்சு செய்த கேட்டோடு, குருதியோட்டத்தை அடைத்த என் கயிறும் கேடு செய்தது என்று மருத்துவர் விளக்கினார். அவர் என்னைக் கடியவில்லை. "ஐயா, இனி யாருக்கும் கயிறு கட்டாதீர்கள், பிறரையும் கட்ட விடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த அண்டை வீட்டார் இன்றும் என்னைக் கண்டால் நின்று நலம் கேட்பார். என்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவர் காலை ஊன்றி ஊன்றி நடந்து செல்லும்போது, என் கண்கள்தாம் தாழ்ந்துவிடுகின்றன. அன்று என்னிடம் இரக்கம் குறைவாக இருக்கவில்லை, துணிவும் இருந்தது. இல்லாதது அறிவு ஒன்றே.

நம் சமயம் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பிடித்து மும்மணி என்றது. இடையில் உள்ள மணியை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் கோக்கப்படாமல் சிதறும். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களில் மருந்தும் கல்வியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நோயுற்றோர்க்குச் செய்யும் தொண்டை வையாவிருத்தியம் என்று கூறி, அகத்தவங்களுள் ஒன்றாகவே நம் ஆசாரியர்கள் வைத்தார்கள். தவத்திற்குப் பயிற்சி வேண்டும் என்றால், தொண்டுக்கும் பயிற்சி வேண்டும் அன்றோ?

முதல் மணி நேரம் யாருடையது?

கிராம சுகாதாரச் செவிலியர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர், நம் சங்கத்தின் இளைஞர் ஆகியோரே இடர் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள். 108 ஊர்தி 2008 முதல் நம் மாநிலத்தில் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் சாலையில் மரம் விழுந்து, பாலத்தின்மேல் நீர் ஓடும்போது அவ்வூர்தி என்ன செய்யும்? சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளி சென்று சேரும் வரை அவர் உயிர் அண்டை வீட்டார் கையில்தான் இருக்கிறது. ஆகவே அக்கைகள் அறிந்திருக்க வேண்டியவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நீரில் மூழ்கியவர். அவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைக்குமேல் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்றும் காணப்படும் பழக்கங்கள். இவற்றால் பயன் இல்லை; பொன்னான நேரம் வீணாகும்; வயிற்றில் உள்ளவை நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். மூச்சு இல்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். பின்னர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற கணக்கில், பெரியவர்க்கு 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்திற்கு இரண்டு மூச்சு. சி.பி.ஆர். என்று மருத்துவர் சொல்வது இதுவே. கேட்டு அறிந்தால் போதாது. பொம்மையின்மேல் பழகினால்தான் கை நினைவில் வைத்திருக்கும்.

இரண்டாவது, பாம்புக்கடி. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. வெள்ளத்தில் புற்றும் வளையும் மூழ்கும்போது பாம்பும் நம்மைப் போலவே மேட்டைத் தேடி வருகிறது. அதைக் கொல்லாதீர்கள், கடித்த பாம்பை மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தேடி அலையவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் கட்டை வைத்துத் துணியால் இறுக்கமின்றிக் கட்டி, அசையாமல் கொண்டு செல்லுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். முன்பே எவரேனும் இறுகக் கட்டியிருந்தால் மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே நன்று. கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாமலே போகலாம். இரவில் தரையில் உறங்கியவர் விடியற்காலையில் இமை சரிந்து, பேச்சுக் குழறி எழுந்தால் உடனே ஐயுற வேண்டும். நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைக் கொல்லாமல் எடுத்து, பின்னர் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பும் வாழ, மனிதரும் வாழ வழிசெய்யும் அவ்விருளர் தொழிலை நாம் நன்றியோடு எண்ண வேண்டும்.

மூன்றாவது, காயமும் மின்சாரமும். தகரமும் கிளையும் கிழித்த காயத்தில் குருதி பெருகினால், தூய துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே செல்லாமல், பிறரையும் விலக்கி நிறுத்தி, மின்வாரியத்திற்குச் சொல்லுங்கள். மின்வெட்டு நாள் கணக்கில் நீளும்போது ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நான்காவது, வெள்ளம் வடிந்தபின் வரும் வயிற்றுப்போக்கு. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்துப் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் கரைத்துவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையால் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை நெருங்கிய இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிர் காத்தவர்கள் தாயும் தமக்கையுமே. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கரைசலும் ஒரு விளக்கமும்தான். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எளிதில் கிடைக்கிறது. அது இல்லாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. அளவு பிசகக் கூடாது.

நீரை ஆடையால் வடித்து அருந்துவது நம் முன்னோர் உயிரிரக்கத்தால் கைக்கொண்ட ஒழுக்கம். வங்கதேசத்துச் சிற்றூர்களில், பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்ததால் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. நம் மரபு தந்த இவ்வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதையே முழுக்காப்பென்றும் எண்ணாதீர்கள். நுண்கிருமிகள் பலவும் துணியின் இழைகளுக்கிடையே நுழைந்துவிடும். வெள்ளக் காலத்தில் வடித்த நீரைக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும். அல்லது சுகாதாரத் துறையினர் தரும் குளோரினை அவர்கள் சொல்லும் அளவில் இட வேண்டும். சேற்றுநீரில் நடந்தவர்க்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றினால், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும் என்று கருதி உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

புயலுக்கு முந்தைய நாள்

இவற்றினும் பெரிய தொண்டு, புயல் வருமுன் செய்யப்படுவது. தெருவில் நிறைமாதக் கருவுற்றவர் யார், சிறுநீரக நோய்க்கு டயாலிசிஸ் செய்து கொள்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார், எழுந்து நடக்க இயலாத முதியவர் யார் என்ற பட்டியல் ஒரு குறிப்பேட்டில் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் கருவுற்றவரையும் டயாலிசிஸ் நோயாளியையும் மருத்துவமனைக்கு அருகே கொண்டு சேர்த்துவிட வேண்டும். ஆற்றில் நீர் வந்தபின் அது இயலாது. மின்சாரம் இல்லாதபோது இன்சுலினை, நீர் படாதவாறு மூடி, ஈர மணல் சூழ்ந்த மண்பானையில் குளிர்ச்சியாக வைக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஊர்திக்கு 108. இவை மூன்றும் ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

நம் இல்லங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்புடையோர் நம்மில் பலர். அவர்களுள் நீரிழிவு உள்ளவர்க்கு இரவில் சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதை, இடர் வந்த இரவில் விவாதிக்கக் கூடாது. ஆசாரியரிடமும் மருத்துவரிடமும் முன்பே கேட்டுத் தெளிந்து, இல்லத்தார் அனைவரும் அறியச் செய்துவிடுங்கள். நோன்பைக் காப்பவர்க்கும் அது துணை; உடலைக் காப்பவர்க்கும் அது துணை.

சுட்ட மண்ணும் சுடாத மண்ணும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களை நீங்கள் அறிவீர்கள். அச்சில் வார்த்த கிண்ணம் பார்ப்பதற்குக் கிண்ணம் போலவே இருக்கும். சூளையில் வேகாமல் அதில் நீரை ஊற்றினால் கரைந்து சேறாகிவிடும். ஒருமுறை கேட்ட சொற்பொழிவும் ஒருநாள் பெற்ற சான்றிதழும் சுடாத கிண்ணம் போன்றவை. பயிற்சி என்னும் சூளையில் மீண்டும் மீண்டும் வெந்த அறிவே இடர் நாளில் தாங்கும். ஓராண்டு பழகாமல் விட்டாலும் மார்பழுத்தத்தின் ஆழமும் வேகமும் கைக்கு மறந்துவிடும். இன்று நான் சொன்னவற்றையும் நீங்கள் அடுத்த மாதமே மறப்பீர்கள். அது உங்கள் குற்றமன்று.

ஆகவே அறக்கட்டளையினர் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் நாம் தசலட்சண பர்வம் கொண்டாடுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் காலம் அது. அப்பத்து நாளில் ஒரு நாளின் பிற்பகலை முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அரசு மருத்துவரையும் தீயணைப்பு வீரரையும் அழையுங்கள். பயிற்சிப் பொம்மை ஒன்று வாங்குங்கள். நம் இளைஞரோடு ஊரின் மகளிர் தன்னார்வலரையும், அவர் எச்சமயத்தவராயினும், அழைத்து அமர்த்துங்கள். வெள்ளம் சமயம் பார்த்துத் தெருவுக்குள் வருவதில்லை. ஓ.ஆர்.எஸ்., தூய துணி, கைவிளக்கு, கட்டைகள், கையுறைகள் அடங்கிய பெட்டி ஒன்று ஜினாலயத்தில் இருக்கட்டும். மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளி நாளில் நாம் விளக்கேற்றுகிறோம். பெரும்பாலும் மழை தொடங்கியிருக்கும் காலம் அது. அன்று அப்பெட்டியைத் திறந்து, குறைந்ததை நிரப்பிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு பிற்பகல், ஒரு பெட்டி, ஒரு குறிப்பேடு. இவ்வளவே நான் கேட்பது.

முதற்பயிற்சி நடக்கும் நாளில் என் அண்டை வீட்டாரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். "நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டார். "நீங்கள் உட்கார்ந்திருந்தாலே போதும், கயிறு கட்டக் கூடாது என்பதை நான் சொல்வதைவிட உங்கள் கால் நன்றாகச் சொல்லும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வர இசைந்தார். அவர் வரும்போது, அவர் எதிரே அமர்ந்து கற்பதற்கு நம் பிள்ளைகள் வந்திருக்க வேண்டும்.

அறிவோடு கூடிய அருள் நம் இல்லங்களில் நிலைபெறுக. எல்லா உயிரும் நலம் பெறுக.